படியோலை

சில காலமாக என் மனத்தை விட்டு அகலாத சம்சயம் ஒன்று உண்டு. திண்டிவனத்தில் வாழ்ந்த என் தாய்மாமன் தம் ஆயுள் முழுவதும் தேடித்தேடிச் சேர்த்த சங்கீத சி.டி.க்கள், அவர் காலமான பிறகு விழுப்புரத்தில் உள்ள என் வீட்டு அலமாரிக்கு வந்து சேர்ந்தன. கூடவே, பல ஆண்டுகளுக்கு முன் அதே தகடுகளிலிருந்து அவர் எம்பி3 கோப்புகளாக எடுத்துவைத்திருந்த பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றும் வந்தது. அக்காலத்தில் இடம் அருமையான பொருளாக இருந்தபடியால் ஒலியைச் சுருக்கித்தான் வைக்க முடிந்தது. இன்று அந்த நெருக்கடி இல்லை; ஆகவே தகடுகளையெல்லாம் மீண்டும் ஒருமுறை, ஒலியில் அணுவளவும் குறையாத ஃப்ளாக் வடிவத்தில் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒலியைத் தகட்டிலிருந்து புதிதாகவே எடுத்துவிடலாம். ஆனால் எந்த உருப்படி, எந்த ராகம், யாருடைய சாகித்யம், வயலின் யார், மிருதங்கம் யார் என்ற விவரங்கள் தகட்டிற்குள் இல்லை. அவை மாமா இரவுகளில் உட்கார்ந்து பழைய கோப்புகளில் தம் கையால் தட்டச்சு செய்துவைத்தவை. பழைய ஒலியைத் தள்ளிவிட்டு, அதன்மேல் ஒட்டியிருந்த எழுத்தை மட்டும் பிரித்தெடுத்துப் புதிய ஒலியின்மேல் ஏற்றுகிற இந்தக் காரியத்தைச் செய்துகொண்டிருக்கையில்தான் அந்தச் சம்சயம் எழுகிறது: அந்த எழுத்து யாருக்குச் சொந்தம்? நாதத்திற்கா, அல்லது அந்த நாதத்தைக் கேட்டவருக்கா?

சி.டி. என்னும் சாதனத்தின் ஸ்வரூபத்தை ஆராய்ந்தால், தன்னைப் பற்றி அது எவ்வளவு மௌனம் சாதிக்கிறது என்பதே முதலில் வியப்பைத் தருகிறது. ஃபிலிப்ஸ், சோனி ஆகிய இரு நிறுவனங்கள் 1980இல் வகுத்து 1982இல் கடைக்குக் கொண்டுவந்த அந்த இலக்கணம், ஒரு விநாடி நேரத்து ஒலியை 44,100 இடங்களில் அளந்து, ஒவ்வோர் அளவையும் இடச்செவிக்கும் வலச்செவிக்கும் தனித்தனியே 16 பிட் எண்ணாகப் பதிந்துவைக்கிறது. அதே விநாடியை 75 பகுதிகளாக வகுத்து, எந்தப் பாட்டு எந்த நிமிடத்தில் எந்த விநாடியில் எந்தப் பகுதியில் தொடங்குகிறது என்பதைத் தகட்டின் உள்விளிம்பில் ஒரு பொருளடக்கமாக எழுதியும் வைக்கிறது. காலத்தை இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்தறிந்த அந்தச் சாஸ்திரம், பாடுகிறவர் பெயருக்கென்று ஓர் அங்குல இடத்தையும் ஒதுக்கவில்லை. பெயரையும் தகட்டிலேயே எழுதும் முறை 1996இல்தான் ஏற்பட்டது. என் அலமாரியில் உள்ள தகடுகளில் அது காணப்படவில்லை. ஆகவே இத்தகடுகளைக் கணினியில் இட்டால் ‘டிராக் 1’, ‘டிராக் 2’ என்று எண்களே வரும். இரண்டு மணி நேரக் கச்சேரியின் கீர்த்தனைகளும் விருத்தங்களும் பெயரில்லாமல் வரிசையில் நிற்கும். இந்தக் குறையை ஈடுசெய்யவே 1993இல் டி கான், ஸ்டீவ் ஷெர்ஃப் என்ற இருவர் சி.டி.டி.பி. என்ற தரவுத்தளத்தைத் தொடங்கினார்கள். பாட்டுகளின் தொடக்க இடங்களையும் கால அளவையும் கொண்டே இது இன்ன தகடு என்று ஊகித்து, முன்னர் அதே தகட்டை வைத்திருந்த எவரோ தட்டச்சு செய்து அனுப்பிய பெயர்களை எடுத்துத் தருவது அதன் முறை. அந்த ஊகமும் சில சமயம் பிசகும். தற்செயலாகக் கால அளவு ஒத்துப்போன வேறொரு தகட்டின் பெயர்கள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த வழியில் வந்த ஃப்ரீடிபி என்ற பொதுத்தளமும் 2020இல் மூடப்பட்டுவிட்டது. ஒலியை ஆக்கியவர்கள் பெயரை வெளியே விட்டுவிட்டார்கள். அதைப் பொறுக்கிச் சேர்த்தவர்கள் எந்தச் சம்பளமும் பெறாத சாமானிய ரசிகர்கள்.

இனி ஒலியின் பக்கம் வருகிறேன். தகடு கணினிக்குள் சுழலத் தொடங்கும்போது எழும் அந்த மெல்லிய இரைச்சலைக் கேட்டுக்கேட்டு, அதன் ஸ்தாயியைக் கொண்டே வேலை எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சொல்லும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. தகடு உள்ளிருந்து வெளிநோக்கி வாசிக்கப்படுவது. கீறல் பட்ட இடத்திற்கு வந்ததும் சுழற்சி தாழ்ந்து, இயந்திரம் தயங்கி, அதே இடத்தைத் திரும்பத்திரும்பத் தடவிப் பார்க்கும். சாதாரண பிளேயர் அவ்விடத்தில் முன்னும் பின்னும் உள்ள எண்களைக் கொண்டு ஓர் அனுமானத்தால் இடைவெளியை நிரப்பி மேலே சென்றுவிடும், நமக்குத் தெரியாது. ஆனால் இதற்கென்று எழுதப்பட்ட மென்பொருள்கள் அனுமானத்தை ஏற்பதில்லை. ஒரே பகுதியைப் பலமுறை வாசித்து, விடைகள் ஒத்துப்போன பின்னரே அதை உண்மையென்று கொள்கின்றன. இப்படி எடுத்த ஒலியையும் மாமாவின் 128 கிலோபிட் எம்பி3யையும் அடுத்தடுத்துக் கேட்கிறேன். தகட்டில் விநாடிக்கு 1,411 கிலோபிட் இருந்ததைப் பதினொன்றில் ஒரு பங்காக்கும்போது, செவி எதைக் கவனிக்காது என்று செவியுணர்வு விஞ்ஞானம் தீர்மானித்ததோ அதையெல்லாம் நீக்கிவிடுகிறார்கள். பாட்டு பாட்டாகவே இருக்கிறது, சாரீரமும் சாரீரமே. ஆனால் தம்பூராவின் உச்ச நாதங்கள் நீரில் அலைவதுபோல் குழைந்துவிடுகின்றன, மிருதங்கத்தின் கூர்மையான ‘தி’ ஒன்று விழுவதற்குக் கண நேரம் முன்பாகவே அதன் நிழல் கேட்டுவிடுகிறது, தருமபுரம் ப. சுவாமிநாதனின் தேவாரத்தில் சாரீரத்தோடு இழையும் தாளத்தின் உலோக ஒலி, நுனி மழுங்கிய ஒரு சீறலாக நிற்கிறது. புதிய பிரதியில் அவையெல்லாம் தத்தம் இடத்திற்கு மீள்கின்றன. இந்த ஆனந்தத்தைச் சிறிதென்று சொல்ல மாட்டேன். மாமா பல ஆண்டுகள் குறைந்த ஒலியைக் கேட்டுக்கொண்டே, அதன்மேல் இவ்வளவு நிறைந்த சிரத்தையோடு எழுதியிருக்கிறாரே என்ற எண்ணமும் அந்த ஆனந்தத்தோடு சேர்ந்தே வருகிறது.

எடுத்த பிரதி உண்மையானதா என்று சோதிக்கவும் ஒரு முறை இருக்கிறது. ஒலியின் எண்களையெல்லாம் கூட்டிக் கணக்கிட்டுக் கிடைக்கும் ஒரு சிறு குறியை, உலகத்தில் வேறெங்கோ அதே தகட்டை எடுத்தவர்களுக்குக் கிடைத்த குறியோடு ஒப்பிடுகிறார்கள். ஒத்துவந்தால் பிரதி சரி. அந்த ஒப்பீட்டைக் காணுந்தோறும் எனக்கு இந்தச் சீமையிலேயே நடந்ததாகச் சேக்கிழார் பாடியிருக்கும் ஒரு வழக்கு நினைவுக்கு வருகிறது. விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் ஏறினால் சிறிது நேரத்தில் போய்விடக்கூடிய திருவெண்ணெய்நல்லூரில்தான் அந்த வழக்கு தீர்ந்தது. மணக்கோலத்தில் இருந்த சுந்தரரை ‘நீ என் அடிமை’ என்று கிழவேதியர் ஒருவர் ஓலை காட்டி மறிக்கிறார். சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்தெறிகிறார். கிழித்தது படியோலைதான், மூலவோலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்கிறார் கிழவர். வெண்ணெய்நல்லூர்ச் சபையோர் ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்ற மூன்றில் ஒன்றால் வழக்கை நிரூபிக்கும்படி கேட்க, மூலவோலை வெளிவருகிறது. சுந்தரரின் பாட்டனார் கைப்பட எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து, இரண்டையும் ஒப்பிட்டு, எழுத்து ஒன்றே என்று தீர்ப்பளிக்கிறார்கள். பிரதி அழிந்தாலும் மூலம் உண்டு, மூலத்தையும் மற்றொரு மூலத்தால்தான் நிறுவ வேண்டும் என்ற நியாயத்தை இதைவிடத் தெளிவாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நான் எடுக்கும் தகடுகளில் பலவற்றிற்கு அயலார் காட்சி இல்லை. ‘இந்தத் தகடு தரவுத்தளத்தில் இல்லை’ என்ற வாசகமே திரையில் வருகிறது. சிறு கம்பெனிகள் சொற்பமாக வெளியிட்ட ஓதுவார் இசைக்கும் நாகசுரத்திற்கும் சாட்சி சொல்ல உலகில் எவரும் முன்வந்திருக்கவில்லை. அப்போது அதே தகட்டை இரண்டாம் முறை எடுத்து, என் பிரதியை என் பிரதியோடேயே ஒப்பிட்டுத் திருப்தி கொள்கிறேன். ஒலிக்கு இந்த அளவிலேனும் ஒரு நிரூபணம் சாத்தியம். பெயருக்கோ ஆவணம் ஒன்றே. அதுவும் ஒரே ஒருவருடைய கையெழுத்து.

அந்தக் கையெழுத்து எத்தகைய நெருக்கடிக்குள் எழுதப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். எம்பி3 கோப்பின் வாலில் பெயர் எழுதும் வழக்கத்தை 1996இல் எரிக் கெம்ப் என்பவர் ஏற்படுத்தினார். மொத்தம் 128 பைட். அதில் பாட்டின் பெயருக்கு 30, கலைஞருக்கு 30, தொகுப்பிற்கு 30, ஆண்டிற்கு 4, குறிப்பிற்கு 30. சங்கீதம் எவ்வகையது என்பதற்கு ஓர் எண். ஆரம்பத்தில் வகுத்த 80 வகைகளில் கர்நாடக சங்கீதம் கிடையாது, தேவாரம் கிடையாது. நம்மவை அனைத்தும் ‘எத்னிக்’ என்ற 48ஆம் எண்ணிலோ, ‘மற்றவை’ என்ற 12ஆம் எண்ணிலோ ஒண்டிக்கொள்ள வேண்டியதுதான். யூனிகோடு முறையில் ஒரு தமிழ்க் குறி 3 பைட் கொள்வது. ‘மாயாமாளவகௌளை’ என்ற ஒரு ராகப் பெயருக்கே 36 பைட் வேண்டும். முப்பதோடு நின்றால் ‘மாயாமாளவகௌ’ என்று முறிந்துபோகும். அதனால் மாமா பெரும்பாலும் ஆங்கில எழுத்திலேயே தமிழை எழுதினார். தமிழிலேயே எழுதிய சில கோப்புகளில் திஸ்கி என்ற எழுத்துக் குறியேற்ற முறையைக் கையாண்டிருக்கிறார். 1999இல் சென்னையில் கூடிய தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி அரசு ஏற்ற டாப், டாம் முறைகளும் சிலவற்றில் தலைகாட்டுகின்றன. இன்றைய கணினியில் அவை மேலே புள்ளியும் கொம்பும் சுமந்த ஐரோப்பிய எழுத்துகளாக உருமாறி, ஒரு வார்த்தையும் விளங்காமல் நிற்கின்றன. இன்ன முறை என்று கண்டுபிடித்து மாற்றியதும், அந்தக் குழப்பத்தின் நடுவிலிருந்து ‘பைரவி, விரிவான ஆலாபனை, மூன்று முறை கேள்’ என்று அவருடைய குரல் எழுந்து வருகிறது. ஃப்ளாக் கோப்பில் இந்த நெருக்கடி எதுவும் இல்லை. எத்தனை புலங்கள் வேண்டுமானாலும் சேர்க்கலாம்; புலத்தின் பெயர் மட்டும் ஆங்கில எழுத்தில் இருந்தாக வேண்டும், உள்ளே எழுதுவது தமிழாக எவ்வளவு நீளமும் இருக்கலாம்; ராகத்திற்கு ஒன்று, தாளத்திற்கு ஒன்று, பக்கவாத்தியக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒன்று. இடம் பெருகிய இந்த நிலையில்தான், மாமா முப்பது பைட்டுக்குள் எதைச் சொல்லத் துணிந்தார், எதை விட்டார் என்பது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. இடமில்லாதபோது மனிதன் தேர்ந்துதான் எழுதுகிறான். அந்தத் தேர்வில் அவனுடைய ரசனை முழுவதும் வெளிப்பட்டுவிடுகிறது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். நாகசுரத் தகடு ஒன்றின் அட்டையில் நான்காவது உருப்படி ‘தர்பார்’ என்று அச்சாகியிருக்கிறது. மாமாவின் கோப்பில் அதே இடத்தில் ‘நாயகி’ என்று எழுதி, அதன் பின் ஒரு கேள்விக்குறியும் இட்டிருக்கிறார். இரண்டும் கரகரப்பிரியாவின் சந்ததி. அண்ணன் தம்பிகளாகப் பிறந்து, காந்தாரத்தின் அசைவிலும் நிஷாதத்தின் சாயலிலும் மட்டுமே பிரித்தறியப்படுபவை. பழுத்த வித்வான்களும் ஒரு கணம் அசந்தால் ஒன்று மற்றொன்றின் வீட்டிற்குள் நுழைந்துவிடும். பெயர்களை ஏற்றும் மென்பொருள் இவ்விடத்தில் அட்டையின் பெயரை ஏற்கவா, பழைய கோப்பின் பெயரை ஏற்கவா என்று கேட்டு நின்றது. புதிய பிரதியை விளக்கணைத்து உட்கார்ந்து கேட்டேன். சில பிரயோகங்களில் காந்தாரம் நீண்டு அசைந்து ரிஷபத்தில் இறங்கும்போது தர்பாரின் ராஜகம்பீரம் சந்தேகமறத் தெரிந்தது. வேறிடங்களில் நாகசுரம் சற்றே தயங்கிக் குழைந்தபோது மாமா எதைக் கேட்டு அந்தப் பெயரை எழுதினார் என்பதும் விளங்கிற்று. அவர் சந்தேகப்பட்டது ராகத்தையா, அல்லது அச்சிட்டவர்களின் கவனத்தையா, அல்லது சின்ன ஸ்பீக்கரில் அசைவுகள் தேய்ந்து ஒலித்ததால் தம் செவியையேதானா என்று இனி எவரிடம் போய்க் கேட்பது? ஒன்று மட்டும் நிச்சயம். அந்தக் கேள்விக்குறி தகட்டிலும் இல்லை, அட்டையிலும் இல்லை, எந்தத் தரவுத்தளத்திலும் இல்லை. திண்டிவனத்தில் ஒரு மனிதர் ஓர் இரவு தர்பாருக்கும் நாயகிக்கும் நடுவில் நின்று யோசித்தார் என்பதற்கு உலகத்தில் உள்ள ஒரே சாட்சியம் அது. அட்டையின்படி அதைத் திருத்தினால் விவரம் சுத்தமாகும், சந்தேகம் அழிந்துபோகும். நம் சங்கீதத்தில் சந்தேகம் என்பது ஞானத்தின் ஓர் அங்கம் என்றே நான் நம்புகிறேன்.

வேறொரு தகடு இதற்கு நேர்மாறானது. அது கடையில் வாங்கியதன்று. மயிலத்தில் பங்குனி உத்திரத்தின்போது எவரோ கேஸட்டில் பதிந்ததை, மாமா பிற்பாடு வெற்று சி.டி.யில் ஏற்றிவைத்தது. மார்க்கர் பேனாவால் மேலே எழுதிய எழுத்து ஊதா நிறமாகி வெளுத்துவிட்டது. உள்ளே உள்ள சாயமும் வெயிலிலும் காலத்திலும் மங்கக்கூடியதே. ஒலிபெருக்கியின் கரகரப்பு, கூட்டத்தின் சலசலப்பு, தூரத்தில் ஒரு குழந்தையின் அழுகை, இவற்றுக்கு நடுவே அறிவிப்பாளர் நாகசுர வித்வானின் விருதுகளை ஒவ்வொன்றாக அடுக்கி, பெயரைச் சொல்லப் போகும் தருணத்தில் கேஸட்டின் பக்கம் தீர்ந்துபோகிறது. மறுபக்கம் தொடங்கும்போது தவில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பெயர் மாமாவின் கோப்பில் மட்டுமே இருக்கிறது. 1902இல் ஒலிப்பதிவாளர் ஃப்ரெட் கைஸ்பர்க் கல்கத்தாவில் ஒலித்தட்டுகளுக்காக இசையைப் பதிந்தபோது, பாடகி கௌஹர் ஜான் தம் பாட்டின் முடிவில் தம் பெயரைத் தாமே உரக்கச் சொன்னார். ஜெர்மனியின் ஹனோவரில் அந்தத் தட்டுகளை அச்சிடும் தொழிலாளிகள், தாங்கள் அறியாத பாஷையில் தாங்கள் அறியாத ஒருவர் பாடியதற்குச் சரியான லேபிளை ஒட்ட வேண்டும் என்பதற்காக எழுந்த வழக்கம் அது. அத்தட்டுகளில் பெயரும் நாதமும் ஒரே பள்ளத்தில், ஒரே ஊசியின் கீழ் இருக்கின்றன. தட்டு உடைந்தாலொழிய ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரிக்க இயலாது. அதற்குப் பின் வந்த ஒவ்வொரு சாதனமும் ஒலியை மேலும்மேலும் துல்லியமாக்கிக்கொண்டே பெயரை ஒலியிலிருந்து தள்ளித்தள்ளி வைத்தது: முதலில் லேபிளுக்கு, பிறகு அட்டைக்கு, பிறகு எங்கோ தொலைவில் உள்ள தரவுத்தளத்திற்கு.

ஃப்ளாக் கோப்பின் அமைப்பே இந்தப் பிரிவினையை ஒரு நியாயமாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஜோஷ் கோல்சன் என்பவர் ஆக்கி 2001இல் முழுமையாக வெளியிட்ட அந்த வடிவத்தில், ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும், சுருக்கப்படாத மூல ஒலியிலிருந்து கணித்த 128 பிட் முத்திரை ஒன்று பொறிக்கப்படுகிறது. நூறு ஆண்டு கழித்து எவரேனும் கோப்பைத் திறந்து, ஒலியில் ஓர் எண் பிசகியிருந்தாலும் அந்த முத்திரையால் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் முத்திரை ஒலியை மட்டுமே காக்கிறது. தர்பாரை நாயகி என்று மாற்றினாலும், வித்வானின் பெயரை அழித்து வேறு பெயரை எழுதினாலும், எல்லாப் பெயர்களையும் துடைத்தெறிந்தாலும் முத்திரை மாறாது. சோதித்தால் எல்லாம் சரி என்றே சொல்லும். இதைக் குறை என்று நான் சொல்லவில்லை. பெயர்கள் திருத்தப்படவும் விரிவடையவும் இடம் வேண்டும் என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். ஆயினும், ஒலிக்குக் கணிதம் காவல் நிற்க, பெயர் மட்டும் நம் நேர்மையை நம்பி வெட்டவெளியில் விடப்பட்டிருக்கிறது என்ற உணர்வு, ஒரே கட்டளையில் நூற்றுக்கணக்கான கோப்புகளின் விவரங்களை மாற்றும்போதெல்லாம் என் விரலை ஒரு கணம் தடுக்கிறது.

தேவாரம் மீட்கப்பட்ட வரலாறு இவ்விஷயத்தில் நமக்கு ஒரு பாடம். தில்லையில் செல்லரித்துக் கிடந்த ஏடுகளை நம்பியாண்டார் நம்பியும் சோழ மன்னரும் மீட்டதைச் சொல்லும் திருமுறைகண்ட புராணம், ஏடுகள் கிடைத்ததோடு காரியம் முடிந்துவிடவில்லை என்பதையும் சொல்கிறது. எழுத்து கிடைத்தது, எந்தப் பதிகத்தை எந்தப் பண்ணில் பாடுவது என்பது தெரியவில்லை. அப்போது திருஎருக்கத்தம்புலியூரில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண் ஒருத்தியைக் கொண்டு பண்களை வகுத்தார்கள். வெண்ணெய்நல்லூரில் சுந்தரர் பாடிய முதல் பதிகத்திற்கு இந்தளம் என்று இன்று ஒவ்வொரு பதிப்பின் தலையிலும் அச்சிட்டிருக்கிறோமே, அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் மரபு காட்டுவது அவளுடைய செவியையும் ஞாபகத்தையும்தான். ஆனால் புராணம் அவளுடைய குலத்தைச் சொன்னது, ஊரைச் சொன்னது, பெயரைச் சொல்லவில்லை. பாடியவர் பெயர் நிலைத்தது. பண் இன்னதென்று உரைத்தவளின் பெயர் அந்தப் பண்ணுக்குள்ளேயே கரைந்துபோயிற்று. அவள் சொன்னவற்றில் எங்கேனும் அவளுக்கே ஐயம் இருந்ததா, இருந்தால் அதை எவரேனும் குறித்துக்கொண்டார்களா என்று நினைக்கும்போது ஏக்கமாக இருக்கிறது.

ஆகவே நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். புதிய கோப்புகளில் அட்டையில் உள்ளபடி ராகப் பெயர் ஒரு புலத்தில் இருக்கும். மாமா எழுதியது, கேள்விக்குறியோடும், முறிந்த எழுத்தோடும், எழுதிய முறையோடும், வேறொரு புலத்தில் இருக்கும். அதை எழுதியவர் யார், எந்த ஊரில் இருந்து எழுதினார் என்பதற்கு இன்னொரு புலம். நான் கேட்டறிந்து சேர்த்தவற்றை என் பெயரிலேயே தனியாக வைப்பேன், என் அபிப்பிராயத்தை நாதத்தின் குணமென்று எவரும் மயங்காதிருக்க. இது மெதுவான வேலை. எந்த மென்பொருளும் இதைத் தானாகச் செய்து தராது. ஒவ்வோர் உருப்படியையும் கேட்டுத்தான் எழுத வேண்டியிருக்கிறது. பிற்காலத்தில் இக்கோப்புகள் எவர் கைக்குப் போய்ச் சேருமோ, அவருக்கு இத்தனை புலங்களும் வேண்டாத சுமையாகப் படலாம். ஒரே கட்டளையில் அவற்றை நீக்கிவிடவும் அவருக்கு அதிகாரம் உண்டு. அவரைத் தடுக்க என்னிடம் முத்திரை எதுவும் இல்லை. ஆனால் நீக்குவதற்கு முன் அவர் ஒருமுறை அந்த நான்காவது உருப்படியைக் கேட்டு, தர்பாரா நாயகியா என்று தாமும் யோசித்து, தம் பெயரில் தம் விடையை எழுதுவாரானால், மாமா எழுப்பிய வழக்கு இன்னும் சபையில் நடந்துகொண்டிருக்கிறது என்றே கொள்வேன்.